உள்ளே கேட்டுட்டு வர்றேன்

ஐந்து ரோடு தாண்டி ஓமலூர் போகும் வழியில்
கண்ணாடியிலேயே கட்டின கடை.
வெளியே ஆடிக்காற்று பிளக்ஸைக் கிழித்துக்கொண்டிருக்க
உள்ளே மார்கழி.

ஆடியில் சேலத்துக்காரன் எவனும் புது வண்டி எடுக்கமாட்டான்.
அதற்காகவேதான் ஆடியில் வந்தேன்.
சாவி ஆவணியில் போதும்,
விலையை இப்போது சொல்.

தண்ணீர் பாட்டில் முதலில் என் வீட்டுக்காரருக்கு.
லோகநாதன் என்று பேட்ஜ் குத்திய பையன்
மைலேஜ் சொன்னது அவருக்கு,
ஏர்பேக் எண்ணிக் காட்டியது அவருக்கு,
"ஏற்காட்டு வளைவு இருபதும் ஏசி போட்டே ஏறும் சார்."
கலர் மட்டும் என்னைக் கேட்டான்:
மேடத்துக்கு எது பிடிக்கும்?
மேடத்துக்கு விலை பிடிக்கணும் என்றேன்.
அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு
டயர் பார்க்க எழுந்து போனார்.
பேரம் நடக்கும் இடத்தில் அவருக்கு வியர்க்கும்,
ஏசியிலும்.

காகிதத்தில் வரிசையாக எழுதினான்.
ஹேண்ட்லிங் சார்ஜ் ஒன்பதாயிரம்.
"ஏன், இடுப்புல வெச்சுத் தூக்கிட்டு வந்தீங்களா?"
சிரிப்பை விழுங்கினான். இருபத்துநாலு வயசிருக்கும்.
அந்த வரியை அடித்தான்.
அடிப்பதற்கென்றே எழுதிவைத்த வரி அது.

பழைய வண்டியைச் சுற்றிவந்தான்.
இடது கதவில் கீறல்,
டயர் நாலும் மொட்டை,
டிக்கியில் மாவு வாடை.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கழிவு.
தினம் என் வாயில் புரளும் சொல்தான்.
அடுத்தவன் வாயிலிருந்து வரும்போது
காதில் மண் விழுந்த மாதிரி இருந்தது.

ஆத்தூர் ரோட்டில் எங்களுக்கு ஜவ்வரிசி மில்.
மரவள்ளி லோடு வந்தால் பாயிண்ட் பார்ப்பது நான்.
கொண்டுவந்தவர் இருபத்தெட்டு என்பார்,
தண்ணீரில் முக்கி நிறுத்தால் இருபத்தைந்தில் நிற்கும்.
மண்ணுக்குக் கொஞ்சம் கழிப்பேன்,
தண்டுக்குக் கொஞ்சம்.
ஒண்ணு சேர்த்துப் போடக்கூடாதாங்க என்று நின்றால்
ஓனரைக் கேட்டுட்டு வர்றேன் என்று உள்ளே போவேன்.

ஓனர் நான்தான்.

"உள்ளே கேட்டுட்டு வர்றேன் மேடம்."

கண்ணாடி அறையில் மேனேஜர்
ஒரு காதில் போன், ஒரு கையில் தட்டுவடை செட்.
லோகநாதன் மேஜை முன்னால் போய் நின்றான்.
வாய் திறக்கவில்லை.
அவரும் நிமிரவில்லை.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.
"போராடி வாங்கியிருக்கேன். இன்னொரு மூவாயிரம்."

மறுபடி போனான்; ரெண்டாயிரம்.
மறுபடி போனான்; மிதியடி இலவசம்.
நாலாவது தடவை எழுந்தபோது கேட்டேன்:
"தம்பி, உள்ளே நின்னு எத்தனை வரைக்கும் எண்ணுவே?"

விழித்தான். பிறகு காது சிவந்தது.
"இருபது மேடம்."

நானும் இருபதுதான்.
அதைச் சொல்லவில்லை.

நாற்பத்தொன்றாயிரம் குறைத்ததில் முடிந்தது.
கையெழுத்துப் போடும்போது குனிந்து
இந்த மாசம் இதுதான் மேடம் முதல் வண்டி என்றான்.
நிஜமா,
ஹேண்ட்லிங் சார்ஜ் மாதிரி இன்னொரு வரியா,
பாயிண்ட் பார்த்துப் பழகின எனக்கே பிடிபடவில்லை.

ஐப்பசி அடைமழை.
பேளூர் காளியண்ணன் லோடோடு வந்தார்,
கிழங்கைவிட மண் அதிகம்.
ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு
பானட்டை ஒரு விரலால் தொட்டார்.
"எவ்வளவு கழிச்சான்?"
"நாற்பத்தொண்ணு."
"பரவால்ல. இன்னும் இழுத்திருக்கலாம்."
பிறகு தன் கணக்குக்கு வந்தார்.
ஒரே ஒரு பாயிண்ட், மழையில வந்திருக்கேன்.

ஓனரைக் கேட்டுட்டு வர்றேன் என்று உள்ளே போனேன்.
மூட்டைகளுக்கு நடுவே நின்று எண்ணினேன்.
பதினேழு, பதினெட்டு.
இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் கவனித்தேன்,
எங்கள் குடோனுக்கும் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது.
அதற்கு அந்தப் பக்கம்
காளியண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.
அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.
வெற்றிலையா,
எண்ணிக்கையா.